நலப்பள்ளிகள் இணைப்பு: பெயர் போகட்டும், பொறுப்பு?

நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டதை அடுத்து, 2023 ஆகஸ்டில் நீதியரசர் கே. சந்துருவின் ஒரு நபர் குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. 2024 ஜூனில் அளிக்கப்பட்ட அதன் அறிக்கை, பள்ளிப் பெயர்களிலிருந்து ‘ஆதிதிராவிடர் நலம்’, ‘கள்ளர் சீரமைப்பு’ போன்ற அடைமொழிகளை நீக்கவும், எல்லாப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித்துறையின்கீழ் கொண்டுவரவும் பரிந்துரைத்தது. இணைப்பு 2023 மார்ச் நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்கப்பட்டதுதான்.

பெயர் மாற்றத்தில் எமக்கு மறுப்பில்லை. மாணவரின் சாதியை வாசற்பலகையே அறிவிப்பது இழிவு. இணைப்பு வேறு வினா.

ஊர்ப் பொதுப்பள்ளிகள் சேரிக் குழந்தைகளுக்குக் கதவடைத்திருந்த காலத்தில், சென்னை மாகாணத் தொழிலாளர் துறை சேரிகளை ஒட்டித் தொடங்கிய பள்ளிகளே ஆதிதிராவிடர் நலப்பள்ளிகளின் மூலம். பொதுப்பள்ளி அனைவருக்கும் உரியது என அரசாணை சொன்னது. பள்ளிக்கூடமோ அக்ரகாரத்திலோ கோயிலருகிலோ இருந்தது, வழி மறிக்கப்பட்டது. இன்று மாநிலத்தில் இத்தகைய பள்ளிகள் 1,100-க்கும் மேல் உள்ளன.

மதுரைச் சமவெளியில் இவ்வரலாறு மற்றொன்றோடு பின்னிக்கிடக்கிறது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில், குற்றப் பழங்குடியினர் சட்டப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள்மீது காவல்துறை சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்படப் பலர் மாண்டனர். அக்காலத்தில் உருவான கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ 300 உள்ளன. 1996 முதல் 2006 வரை பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் தலித் தலைவரை அமரவிடாத ஆதிக்கமும் இதே வட்டாரத்தினுடையதே என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் இருவகைப் பள்ளிகளும் அரசு தன் வரலாற்றுத் தவறுக்குச் செலுத்தும் ஈடு. இவற்றில் ஒன்றைக் கைவிடும் தர்க்கம் மற்றொன்றையும் விட்டுவைக்காது.

தனித்துறை இருந்தும் ஆசிரியர் பற்றாக்குறையும் விடுதிகளின் அவலமும் தீரவில்லை என்பது உண்மை. ஆனால் அக்குறைகளை நாம் எண்ணிச் சொல்ல முடிவதே, கணக்குக் கேட்பதற்கென ஓர் அலுவலகம் இருப்பதால்தான். ஏறத்தாழ 37,000 அரசுப் பள்ளிகளுக்குள் கரைந்தபின், சேரிப் பள்ளியின் காலியிடம் பொதுக் காலியிடங்களுள் ஒன்றாகிவிடும்.

அமெரிக்காவில் 1954-இல் பிரவுன் வழக்கு பள்ளிகளில் இனப்பிரிவினையைச் செல்லாததாக்கியது. தீர்ப்பு சரியானது. நிறைவேற்றப்பட்ட விதத்தில் தென்மாநிலங்களில் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் பணியிழந்தனர்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20.01 விழுக்காடு. மக்கள்தொகை விகிதத்தில் நிதி ஒதுக்கும் துணைத்திட்டத்துக்கு 2024-இல் இயற்றப்பட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் சட்ட வடிவம் தந்துள்ளது. இணைக்கப்படும் பள்ளிகளின் நிதி, பணியிடங்கள், விடுதி இடங்கள் ஆகியவற்றைப் பள்ளிவாரியாக ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கும் கடமை இணைப்பு ஆணையிலேயே எழுதப்பட வேண்டும்.

மாணவர் அமைப்புகள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மதுரை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் இன்றைய நிலவரத்தைப் பள்ளிவாரியாகக் கேட்டுப் பெறலாம். இணைப்புக்குப்பின் ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாள்கள் வேண்டும்.