எலுமிச்சை உப்பு வந்த வழி

கெட்டில் அடியில், கீசர் காயிலில் வெள்ளையாக ஒட்டிக் கிடக்குமே, அதை எங்க ஊரில் "உப்புப் பிடிச்சிருக்கு" என்போம். உண்மையில் அது சுண்ணாம்பு. தண்ணியில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து வருகிற கால்சியம், சூடு பட்டதும் பிரிந்து படிகிறது. போர் தண்ணியில் குடித்தனம் நடத்துகிற உங்களுக்குத் தெரிஞ்ச தொல்லைதான்.

எங்க கோயம்புத்தூர்ப் பக்கம் நிலத்தடியில் சுண்ணாம்புக்கல் நிறைய. மதுக்கரையில் சிமெண்டு ஆலை வந்ததே அதை நம்பித்தான். ஆனால் என் அப்பாரு காலத்துக் கிணற்றில் ஊறியது பெரும்பாலும் மேல்மண் வழியாக இறங்கின மழைத்தண்ணி. பருப்பு மலர்ந்து வேகும், சோப்பு நுரைக்கும். சப்பத்தண்ணி என்று பேர். 1990 வாக்கில் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை; எங்க வீட்டு அடுப்பு எரிந்ததே அதில்தான். மோட்டார் ஓட ஓடக் கிணறு வற்றியது, போர் போட்டோம். எங்க தோட்டத்து முதல் போர் 300 அடி. இப்போ ஓடுவது 900. அவ்வளவு ஆழத்துத் தண்ணி பாறையிடுக்கில் வெகுகாலம் கிடந்து கல்லைக் கரைச்சுக்கிட்டு வருது. வெள்ளைப் படிவும் அதோடு சேர்ந்து வீட்டுக்குள்ள வந்துச்சு.

முன்னாடியும் கொஞ்சம் படியத்தான் செய்யும். வெந்நீர்ப் போடுகிற செம்புத் தவலையில் ரசத்துக்குக் கரைத்த புளிச்சக்கையைப் போட்டு, புளிச்ச நீத்தண்ணியை ஊற்றி ராத்திரி விட்டுவிடுவார் என் அம்மிச்சி. காலையில் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தால் போயிரும். புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அது சுண்ணாம்பை இளக்கிவிடும்.

இன்னைக்கு அந்த வேலையைச் செய்வது மளிகைக்கடை லெமன் சால்ட், அதாவது சிட்ரிக் அமிலம். அதன் கதை விவசாயிக்குக் கொஞ்சம் வலிக்கும். 1784இல் ஷீலே என்கிற சுவீடன் நாட்டு வேதியியலாளர் இதை எலுமிச்சைச் சாற்றிலிருந்து பிரித்தார். சாற்றில் சுண்ணாம்பைப் போட்டால் அமிலம் அதோடு சேர்ந்து அடியில் படியும். அந்தப் படிவிலிருந்து கந்தக அமிலத்தால் பிரித்தெடுத்தார். சுண்ணாம்பின் மேல் அதற்கு அப்படி ஒரு ஒட்டுதல்! நம்ம கெட்டிலில் வேலை செய்வதும் அந்தக் குணம்தான். பிறகு இத்தாலியின் சிசிலித் தீவுக்காரர்கள் எலுமிச்சைச் சாற்றை இதே மாதிரி சுண்ணாம்போடு சேர்த்து, காயவைத்து, உலகத்துக்கே விற்றார்கள். முதல் உலகப் போரில் வரத்து தடுமாறியது. 1917இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கரி, ஒருவகைக் கரும்பூஞ்சை சர்க்கரையைத் தின்று சிட்ரிக் அமிலம் கொடுப்பதை எழுதி வெளியிட்டார். 1919இல் ஃபைசர் கம்பெனி ஆலையில் காய்ச்ச ஆரம்பித்தது. 1920கள் முடிவதற்குள் இத்தாலியின் தனிக்காட்டு ராஜ்ஜியம் போச்சு. பறிகூலிக்குக் கட்டாமல் எலுமிச்சையை மரத்தடியிலேயே விட்டிருக்கிற எனக்கு, அந்தச் சிசிலித் தோட்டக்காரர் பக்கத்துக் காட்டுக்காரர் மாதிரிதான். இப்போ பொட்டலத்தில் வருவது பெரும்பாலும் சர்க்கரைப்பாகிலோ மக்காச்சோளத்திலோ பூஞ்சை செய்தது. பேரில் மட்டும் எலுமிச்சை.

சரி, செய்முறை. ஒரு லிட்டர் தண்ணிக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன். கெட்டிலில் ஊற்றிச் சூடாக்கி, கொதிக்கவிடாமல் நிறுத்தி அரைமணி நேரம் விடுங்க. கொட்டிவிட்டு ரெண்டு தடவை வெறும் தண்ணி காய்ச்சிக் கொட்டணும். ஷவர் தலையைக் கழற்றி ஊறப்போடலாம். பாத்ரூம் ஆசிட்டைக் கெட்டிலுக்கோ கீசருக்கோ கொண்டு போகாதீங்க, உலோகத்தையே தின்றுவிடும். எந்த அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே கூடாது. வருகிற வாயு நுரையீரலைக் கெடுத்துவிடும். தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டால் சுண்ணாம்பும் போகுமா என்று சிலர் கேட்கிறார்கள். அது கலங்கலைத் தெளிய வைக்கும், கரைந்த சுண்ணாம்பைத் தொடாது.

கீசரை மட்டும் நீங்களே திறக்க வேண்டாம். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, மெயினை அணைத்து, காயிலைக் கழற்றித் தரச் சொல்லுங்க. ஊறப்போடும் வேலை உங்களுடையது. வருஷம் ஒருதரம் செய்தால் படிவு மெல்லிசாக இருக்கும்போதே கரைந்துவிடும்.