உடல் எடைப் பராமரிப்பு: கலோரிச் சமநிலையும் உணவுத் தரமும்

வளர்ந்த ஒருவரின் எடை ஆண்டுக்கணக்கில் பெரிதாக ஏறாமலும் இறங்காமலும் நிற்பதே உடல் எடைப் பராமரிப்பு. உண்பதில் கிடைக்கும் ஆற்றலும் உடல் செலவிடும் ஆற்றலும் ஈடாக இருந்தால் எடை நிற்கும். இது கலோரிச் சமநிலை. அந்த ஆற்றல் எந்த உணவிலிருந்து வருகிறது, அதனோடு எவ்வளவு நாரும் புரதமும் நுண்சத்தும் வருகின்றன என்பது உணவுத் தரம். எடையைத் தீர்மானிப்பது கலோரியே. ஆனால் ஒருவர் எவ்வளவு கலோரி உண்கிறார் என்பதைப் பெரும்பாலும் உணவின் தரமே தீர்மானிக்கிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் உணவு மாறிய விதத்தில் இதைக் காணலாம்.

வட்டார உணவு

1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் இருந்த இப்பகுதியில், கொள்ளிடக் கரையை ஒட்டிய திருமானூர், தா.பழூர் பக்கம் நெல் விளையும். வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை வட்டாரங்கள் பெரும்பாலும் மானாவாரி. கரிசலும் செம்மண்ணும் கலந்த நிலம். கம்பு, சோளம், வரகு, கேழ்வரகு ஆகியவையே முன்பு அங்கே அன்றாட உணவு. காலையில் கம்பங்கூழும் சின்ன வெங்காயமும், இரவில் களி அல்லது வரகுச்சோறு. நெல்லுச்சோறு விசேஷ நாள்களுக்கு.

இன்று அந்த நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் நிற்கின்றன. மக்காச்சோளத்தில் பெரும்பகுதி கோழித் தீவனத்துக்குப் போகிறது. வீட்டு அடுப்பில் ரேஷன் அரிசி வேகிறது. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையில்லாமலும் வந்த இந்த அரிசி பசியைத் தீர்த்தது என்பதில் ஐயமில்லை.

குன்னூர் ஆய்வுகள்

கலோரியா தரமா என்ற வாதம் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி என்ற சத்துக்குறை நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். அதிலிருந்துதான் நாட்டின் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடம் வளர்ந்தது. இந்தியாவின் வெவ்வேறு மக்கள் உண்ணும் உணவை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்ததே அவருடைய புகழ்பெற்ற சோதனை. முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவு தின்ற எலிகள் எடையிலும் நலத்திலும் முதலிடம் பெற்றன. தீட்டிய அரிசியை அடிப்படையாகக் கொண்ட சென்னை மாகாண உணவு கடைசியில் நின்றது. தரமே பெரிது என்பது அவர் கண்ட முடிவு. அந்தச் ‘சென்னை உணவு’ அரிசி உண்போர் உணவு. இதே மாகாணத்தின் மானாவாரிக் கிராமங்களில் கூழும் களியும் உண்டவர்களை அது குறிக்கவில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் அச்சோதனையை எடுத்தாள்வது நியாயமாகாது.

மெக்கரிசனுக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட், இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணையை வெளியிட்டார். ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அங்கே இருந்தபோது வாதம் மறுபக்கம் சாய்ந்தது. ஏழைக் குழந்தைகளுக்குக் குறைவது புரதம் என்று உலகமே நம்பிய காலம் அது. அவர் குழுவினர் நாளுக்கு 310 கலோரியும் வெறும் 3 கிராம் புரதமும் உள்ள கூடுதல் உணவை 14 மாதம் கொடுத்தார்கள். குழந்தைகள் நன்றாக வளர்ந்தார்கள். 1973இல் வெளியான இந்த முடிவு, வயிறு நிறையாதபோது கலோரியே முதல் தேவை என்பதை நிறுவியது. பசியுள்ள ஊரில் அளவு முந்தும்; பசி தீர்ந்த ஊரில் தரம் முந்தும். மெக்கரிசனையும் கோபாலனையும் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்தத் தேவையில்லை.

அளவீடு

மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்ற கணக்கு அமெரிக்கர் வில்பர் அட்வாட்டர் வகுத்தது. 2017இல் வந்த இந்திய உணவு அட்டவணைப்படி 100 கிராம் பச்சரிசியில் ஏறத்தாழ 356 கலோரி, கம்பில் 348, வரகில் 332, கேழ்வரகில் 321. வேறுபாடு சிறிது. நாரைப் பார்த்தால் அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு, வரகில் 6க்கு மேல், கம்பிலும் கேழ்வரகிலும் 11க்கு மேல். சிறுதானியம் தின்றால் எடை குறையும் என்ற விளம்பரம் அதனால் பாதி உண்மைதான். கம்பும் அளவு மீறினால் எடை ஏற்றும். ஆனால் அளவு மீறித் தின்ன அது எளிதில் இடம் கொடுப்பதில்லை.

அட்டவணைக் கணக்கும் முழுக்கத் துல்லியமன்று. ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பகுதிகளில் விளையும் முந்திரியையே பார்க்கலாம். 28 கிராமுக்கு 163 கலோரி என்று அச்சிடப்படுகிறது. அமெரிக்க வேளாண் துறை ஆய்வில் உடல் எடுத்துக்கொண்டது 137 மட்டுமே. பருப்பின் திசுவுக்குள் சிக்கிய கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமல் வெளியேறிவிடுகிறது.

சான்றுகள்

2019இல் வெளியான ஆய்வில், அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹால் 20 பேரை ஆய்வு மருத்துவமனையில் தங்கவைத்து, இரு வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்திய உணவும், இரு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார். இரண்டிலும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் ஒத்திருந்தன. வேண்டிய அளவு உண்ணலாம். பதப்படுத்திய உணவின்போது அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு 0.9 கிலோ ஏறினார்கள். மற்றதில் அதே அளவு இறங்கினார்கள். எடை கலோரியின் வழியே மாறியது. அந்தக் கலோரியைக் கூட்டியது உணவின் தரம்.

எடை மட்டுமே நலத்தின் அளவுகோல் ஆகாது. 2004இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தம் உடல்களையே ஒப்பிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3, கொழுப்போ இந்தியருக்கு 21.2 விழுக்காடு, ஆங்கிலேயருக்கு 9.1. பரோட்டாவும் தேநீர்க்கடை வடையும் தின்று எடையை நிறுத்திவைத்தவருக்கும் நீரிழிவு வரலாம்.

இன்றைய நிலை

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் கூடுதல் எடையுள்ள பெண்கள் 2015–16இல் 30.9 விழுக்காடு, 2019–21இல் 40.4. குறை எடையும் நீங்கவில்லை. குழந்தைகளுக்கான ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 நவம்பர் 15 அன்று அரியலூர் மாவட்டம் வாரணவாசி அங்கன்வாடியில் தொடங்கப்பட்டது. அதில் குழந்தைகளின் தாய்மார்களுக்கு வழங்கிய பெட்டகத்தில் சத்துமாவு, நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து மருந்து ஆகியவை இடம்பெற்றன.