காக்கைக்குப் பெயர் வைத்தது யார்?

காக்கைக்குப் பெயர் வைத்தது காக்கையே என்பதுதான் என் கட்சி, குரலே பெயராயிற்று. வடமொழியில் 'காக' என்று இருப்பதால் நம் சொல் அங்கிருந்து வந்த கடன் என்பார்கள். ஒலிப்பை உற்றுக் கேட்டால் அந்த வாதம் தளர்கிறது. தமிழில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் ஒற்றைக் ககரம் மெலிந்துவிடும். கடனாக வந்த 'காகம்' நம் வாயில் அப்படித்தான் ஒலிக்கிறது. பறவையின் வறண்ட, வல்லென்ற குரலைப் பிடிக்க ஒற்று இரட்டிக்க வேண்டும், 'காக்கை'யில் இரட்டித்திருக்கிறது. கடன் சொல்லிலும் வல்லொலியைக் காப்பாற்ற ஒற்று இரட்டிப்பதுண்டே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரே பறவையைக் கேட்ட இரண்டு காதுகள் ஒரே சொல்லை எட்டுவதற்குக் கடன் எதற்கு? கூகையும் தன் குரலாலேயே பெயர் பெற்றது. தெலுங்கில் காகி, கன்னடத்தில் காகெ, மலையாளத்தில் காக்க என்று உறவு மொழிகளிலும் இது வீட்டுச் சொல்லாகவே புழங்குகிறது.

சொல்லின் பழமைக்குக் குறுந்தொகை 210ஆம் பாட்டு சாட்சி. பிரிந்தவன் திரும்பி வருவதை முன்கூட்டிக் கரைந்து சொன்ன காக்கைக்கு, நெய் கலந்த தொண்டி அரிசிச் சோற்றை ஏழு கலத்தில் ஏந்தி வைத்தாலும் போதாது என்கிறாள் தோழி. அதைப் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்றே பெயர் நிலைத்தது. பழமை மட்டும் பிறப்பை நிறுவிவிடாது என்பது உண்மை. ஆனால் திருக்குறளும் 481, 527 இரண்டு இடத்திலும் 'காக்கை' என்றே சொல்கிறது. இன்றும் சோற்றை வைத்துவிட்டு நாம் அதைக் கூப்பிடுவது 'கா, கா' என்றுதான்.