நெசவாளரை வரைந்த கை

கலை அரசவையின் அணிகலனா, மக்களின் குரலா? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் ஜேர்மன் ஓவியர் கேதே கொல்விற்ஸ் (1867–1945).

1891இல் மருத்துவர் கார்லை மணந்து பேர்ளினின் தொழிலாளர் பகுதியிற் குடியேறினார். கணவரிடம் வைத்தியத்துக்கு வந்த ஏழைத் தாய்மாரே அவர் கலைக்கு ஆசிரியராயினர். 1844இல் சைலீசிய நெசவாளர் பசிபொறாது கிளர்ந்தெழுந்த வரலாற்றை ஹௌப்ட்மன் நாடகமாக்கியிருந்தார். அதனைக் கண்ட கேதே, கல்லச்சிலும் உலோகத்தகட்டிலுமாக 6 படங்களில் அவ்வெழுச்சியைத் தீட்டினார். 1898இல் நடுவர் அவருக்குப் பதக்கம் பரிந்துரைத்தனர். பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார்.

ஆயினும் அவரது பெருஞ் சோதனை அரண்மனையிலிருந்து வரவில்லை, வீட்டினுள்ளேயே வந்தது. 1914இல் இளைய மகன் பீற்றர் படையிற் சேர விரும்பினான். தந்தை தடுத்தார், மகனுக்காகப் பரிந்து பேசியவர் கேதேயே. அவ்வாண்டு ஒக்டோபரில் அவன் பெல்ஜியத்தில் மடிந்தான். வயது 18. அவனுக்கு நினைவுச்சின்னம் சமைக்கவும் 18 ஆண்டுகள் சென்றன. மண்டியிட்ட தாய், தந்தை சிலைகள் 1932இல் அவன் அப்போது துயின்ற மயானத்தில் நாட்டப்பட்டன.

1933இல் நாசிகள் அவரைக் கலைக்கழகத்திலிருந்து விலகச் செய்தனர். ஆனால், அதற்கு முன்னரே, 1931இல், கொல்லப்பட்ட இளம் எழுத்தாளர் றௌ ஷியின் நினைவாக, லூ சுன் சீனச் சஞ்சிகையொன்றில் கேதேயின் மரச்செதுக்கோவியத்தை வெளியிட்டிருந்தார். துயரத்துக்கு எல்லைக்கோடு ஏது?

குற்றமற்ற வீராங்கனையாக அவரை நாம் போற்றவேண்டியதில்லை. தம் தவற்றை உணர்ந்து, அதனைக் கல்லிற் பொறித்து உலகின்முன் வைத்த நேர்மைக்காகவே தலைவணங்குகின்றோம்.