மூன்று காசுக் கூத்து: யார் வீட்டுச் சொத்து?

எங்கள் ஆயா டீக்கடைக் கதை சொல்லும்போது டீயைப் பற்றிச் சொல்லாது, கிளாசைப் பற்றித்தான் சொல்லும். "நம்ம கிளாசு தனியா வெளிய கெடக்கும். குடிச்சிட்டு நாமளே கழுவி வச்சிட்டு வரணும். காசு மட்டும் எல்லாருக்கும் ஒரே காசு." கும்மிடிப்பூண்டிப் பக்கம் சிப்காட் வராத காலம் அது.

ஜெர்மன் ஓபரா ஒன்றைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு டீக்கடையில் ஏன் தொடங்க வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். அந்த ஓபராவிலும் ஒரு பெண் கிளாஸ் கழுவிக்கொண்டிருக்கிறாள். அதுதான் காரணம்.

ஓபரா என்பது பாட்டாலேயே நடக்கும் நாடகம். அரண்மனையும் பிரபுக்களும் சோறு போட்டு வளர்த்த கலை. 1728இல் லண்டனில் ஜான் கே என்பவர் இந்தப் பகட்டைக் கேலி செய்து 'பிச்சைக்காரர் ஓபரா' எழுதினார். ராஜா ராணி இருந்த இடத்தில் திருடர்கள், விலைமாதர்கள், சிறைக்காவலர்கள். இத்தாலிய சங்கீதம் இருந்த இடத்தில் தெருவில் பாடிக்கொண்டிருந்த மெட்டுகள். 200 வருஷம் கழித்து எலிசபெத் ஹாப்ட்மன் என்ற பெண் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். பெர்டோல்ட் பிரெக்ட் அதை மாற்றி எழுத, குர்ட் வைல் இசையமைக்க, 1928 ஆகஸ்ட் 31 அன்று பெர்லினில் 'மூன்று காசு ஓபரா' மேடையேறியது.

கதை சின்னக் கதைதான். பீச்சம் என்பவன் லண்டனில் பிச்சையைக் கம்பெனியாக நடத்துகிறான். கிழிந்த துணி, பொய்க்கால், குருட்டு வேஷம் எல்லாம் அவன் கடையில் வாடகைக்குக் கிடைக்கும். எந்தத் தெருவில் யார் பிச்சையெடுக்கலாம் என்பதும் அவன் உத்தரவு. அவன் மகள் பாலியைக் கட்டிக்கொள்கிறான் மெக்கீத் என்ற கொள்ளைக்காரன். போலீஸ் தலைவன் மெக்கீத்துக்குப் பழைய சினேகிதன், பங்காளி. மாமனார் காட்டிக்கொடுக்க, மெக்கீத் தூக்குமேடை வரை போகிறான்.

இதை ரசிப்பது சுலபமில்லை. இசை நம்மை அழவிடுவதில்லை. தொடக்கத்திலேயே ஒரு தெருப்பாடகன் மெக்கீத் செய்த கொலைகளை வரிசையாகப் பாடுகிறான், மெட்டோ தாலாட்டு மாதிரி இனிக்கிறது. நம் சந்தைகளிலும் ரயிலிலும் கொலைச்சிந்து பாடி அணா புத்தகம் விற்றார்களே, ஜெர்மனியிலும் அப்படிப் பாடிப் பிழைத்த சனம் உண்டு. அவர்கள் வடிவம்தான் இது. பாடியவர்கள் ஓபராப் பாடகர்கள் அல்ல, சாதாரண நடிகர்கள். பெரிய வாத்தியப் படை இல்லை, ஏழு பேர்தான் ஆளுக்குப் பல கருவியை வாசித்தார்கள். காது இனிப்பதையும் நெஞ்சு கசப்பதையும் ஒரே நேரத்தில் தாங்கிக்கொள்ளச் சொல்கிற இசை.

பாலி தன் கல்யாண விருந்தில் ஒரு பாட்டுப் பாடுகிறாள். மட்டமான விடுதி ஒன்றில் கிளாஸ் கழுவும் பெண்ணின் பாட்டு. எல்லாரும் அவளை ஏவுகிறார்கள், சில்லறையை வீசுகிறார்கள். அவள் கழுவிக்கொண்டே ஒரு கப்பலைக் கனவு காண்கிறாள். பீரங்கிகளோடு கப்பல் துறைமுகத்துக்கு வரும், ஊரைத் தரைமட்டமாக்கும், யாரைக் கொல்லட்டும் என்று அவளிடம் கேட்பார்கள். எல்லாரையும் என்று அவள் சொல்வாள். ஐரோப்பிய விமர்சகர்கள் இதைக் கொடூரமான பாட்டு என்பார்கள். கொடூரந்தான். ஆனால் கிளாஸ் கழுவிய கைக்கு அந்தக் கொடூரம் எங்கிருந்து வந்தது என்பதை எங்கள் ஆயாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

முடிவைப் பாருங்கள். தூக்குக்கயிறு மாட்டும் நேரத்தில் ராணியின் தூதன் குதிரையில் வருகிறான். மெக்கீத்துக்கு விடுதலை, கூடவே பரம்பரைப் பட்டம், மாளிகை, பென்ஷன். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வராது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த வழக்கில், கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற மிராசுதார்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை. ராஜதூதன் வருவதெல்லாம் உண்மைதான். யார் வீட்டுக்கு வருகிறான் என்பதுதான் கேள்வி.

1933இல் ஹிட்லர் ஆட்சி இந்த ஓபராவைத் தடை செய்தது. பிரெக்டும் யூதரான வைலும் நாட்டைவிட்டு ஓடினார்கள். சரி, கலகக்காரர்களின் கணக்காவது நேராக இருந்ததா? வருமானத்தில் பிரெக்டுக்கு 62.5 சதவீதம், வைலுக்கு 25, ஹாப்ட்மனுக்கு 12.5. எழுத்தில் பெரும்பங்கு அந்தப் பெண்ணுடையது என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் வாதாடினார்கள். வியோன் என்ற பழைய பிரெஞ்சுக் கவிஞனின் பாடல்களை, வேறொருவர் செய்த மொழிபெயர்ப்பிலிருந்து பேர் சொல்லாமல் எடுத்தது 1929இல் அம்பலமானது. திருட்டைப் பற்றிய நாடகத்துக்குள்ளேயே இத்தனை திருட்டு. இதைச் சொல்வது பிரெக்டை ஒதுக்கித் தள்ள அல்ல. கணக்கு கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும் என்பதற்காக.

இந்தியாவுக்கு அது வந்த கதையிலும் அதே கணக்கு உண்டு. 1969இல் கல்கத்தாவில் நாந்திகார் குழுவின் அஜிதேஷ் பந்தோபாத்யாய் 'தீன் பைசார் பாலா' போட்டார். 1970இல் டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் கிழக்கு ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் பென்னவிட்ஸ் 'தீன் டகே கா ஸ்வாங்' போட்டார். 1978இல் புனேயின் தியேட்டர் அகாடமிக்காகப் பு.ல. தேஷ்பாண்டே எழுதி ஜப்பார் படேல் இயக்கியது 'தீன் பைஷாச்சா தமாஷா'. பேர்களைக் கவனியுங்கள். பாலா, ஸ்வாங், தமாஷா. மூன்று ஊரிலும் ஓபரா என்ற சொல்லை எடுத்துவிட்டு நாட்டார் கூத்தின் பேரைப் போர்த்திக்கொண்டார்கள்.

தமாஷா யாருடையது? பெரும்பாலும் மகர், மாங்கு சாதிக் கலைஞர்களுடையது. ஆபாசம் என்று 1940களின் கடைசியில் பம்பாய் அரசு தடை போட்ட கலை. மாங்கு சாதியில் 1920இல் பிறந்து பம்பாய் மில்லில் உழைத்த அண்ணாபாவ் சாத்தே அதைக் கையில் எடுத்தார். தொடக்கத்தில் கணபதியை வணங்கும் இடத்தில் உழைப்பவர்களையும் போராட்டத்தில் செத்தவர்களையும் வணங்க வைத்தார். பம்பாய்ச் சேரிகளும் மில் தெருக்களும் அவருடைய அரங்கம். பெர்லின் ஓபரா தேடிய பார்வையாளர்கள் அங்கேதான் இருந்தார்கள். அவர் 1969இல் வறுமையில் செத்தார். 1972இல் தலித் பேந்தர்கள் எழுந்தார்கள். புனே மேடையில் தமாஷா என்ற பேரோடு பிச்சைக்காரர் கூத்து நடந்த அதே 1978இல், மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பேர் வைக்கத் தீர்மானம் போட்டதற்காக மராத்வாடா கிராமங்களில் தலித் குடிசைகள் எரிந்தன. அந்தப் பேர் வர 1994 ஆயிற்று. நாடகம் போட்டவர்களின் திறமையையோ நல்லெண்ணத்தையோ நாம் சந்தேகிக்கவில்லை. வடிவம் மேடைக்குப் போகிறது, வடிவத்தைப் பெற்றவர்கள் கூரை எரிய நிற்கிறார்கள் என்பதைத்தான் சொல்கிறோம்.

தமிழ்நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? 1977இல் கூத்துப்பட்டறை தொடங்கிய காலத்திலிருந்து நகரத்து நவீன நாடகம் தெருக்கூத்தைத் தேடி வந்தது. கட்டியங்காரன் கதையை வெட்டிப் பேசுவதும் பிரெக்ட் சொன்னதும் ஒன்றுதான் என்று நிறைய எழுதினார்கள். ஒப்பீடு சரிதான். ஆனால் எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தைச் சேரி சனம் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே விடியவிடியப் பார்த்தது என்று நைனா சொல்வார். அந்தத் தூரத்தைப் பற்றி எந்தக் கட்டுரையும் பேசவில்லை. அதைப் பேசத்தான் 1990களில் கே.ஏ. குணசேகரனின் 'பலியாடுகள்' வர வேண்டியிருந்தது, மதுரைத் தலித் கலைவிழாவில் பறை மேடையேற வேண்டியிருந்தது.

சில வருஷங்களுக்கு முன் நாங்களும் இந்த ஓபராவில் ஒரு துண்டை எடுத்துச் சேரித் தெருவில் போடப் பார்த்தோம். கிளாஸ் கழுவும் பெண்ணின் பாட்டை எங்கள் பேச்சில், எங்கள் மெட்டில் கட்டினோம். நடித்தவர் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் காண்ட்ராக்டில் தட்டு கழுவும் அக்கா. கப்பல் எங்களுக்குக் கனவு இல்லை. எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் தினம் நிற்கிறது. கதையை முழுசாகக் கேட்ட அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "சரி தம்பி, கப்பல் வந்துச்சு, ஊரை அழிச்சாச்சு. அவளை ஏத்திக்கினு போயிட்டாங்க. அந்தக் கப்பல்ல தட்டு கழுவுறது யாரு?"

பிரெக்ட் இதற்குப் பதில் எழுதவில்லை. எங்களிடமும் இல்லை. ஆகவே முடிவை அக்காவிடமே விட்டோம். அன்று ராத்திரி அவர் கப்பல் வரும் இடத்தில் பாட்டை நிறுத்தினார். கையிலிருந்த எச்சில் கிளாசோடு கூட்டத்துக்குள் இறங்கி, முன்வரிசை ஆம்பளைகளிடம் ஒவ்வொருவராக நீட்டினார். முதலில் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு நின்றது. கடைசியில் ஒரு பையன் வாங்கிக் கழுவி, மற்ற கிளாஸ்களோடு சேர்த்து வைத்தான். தனியாக வைக்கவில்லை.

ஆயா அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.