விழுப்புண்ணும் மனவடுவும்

போர்க்களத்திற் பட்ட புண்ணைத் தமிழ்மரபு இருவகையாகப் பகுத்தது. முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண். முதுகிற் பட்டது புறப்புண். வெண்ணிப் போரிற் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், புறப்புண் நாணி வடக்கிருந்தமை புறநானூற்றால் அறியப்படும். இவ்விரண்டும் கண்ணுக்குப் புலனாகும் புண்களே. குருதி சிந்தாத போர்ப்புண்ணுக்கு அப்பகுப்பில் இடமில்லை. அதற்குப் பெயர் வாய்த்த வரலாற்றில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள்ள பங்கே ஈண்டு ஆராயப்படுகின்றது.

மேனாட்டிலும் அப்பெயர் எளிதில் அமைந்ததன்று. 1915 இல் சாள்ஸ் மையர்ஸ் என்னும் மருத்துவர் ‘லான்செற்’ இதழில் மூன்று போர்வீரரின் நிலையை விவரித்து, ‘ஷெல் அதிர்ச்சி’ என்னும் தொடரை மருத்துவ வழக்கிற் புகுத்தினார். அருகிற் குண்டு வெடித்தபின் அவர்களுக்குப் பார்வை குன்றியது. நினைவும் மணமும் சுவையும் கெட்டன. வெடிப்பின் அதிர்வு மூளையைத் தாக்கியதே காரணமெனப் பலர் முதலிற் கருதினர். வெடிப்புக்கு அண்மையில் நில்லாதோரும் அவ்வாறே துன்புறக் கண்டபின் அக்கருத்துத் தளர்ந்தது. காயமில்லாதவன் கோழையெனப் பழிக்கப்பட்டான். படையை விட்டோடியமை, கோழைமை முதலிய குற்றங்களுக்காகப் பிரித்தானியப் படை சுட்டுக்கொன்ற முந்நூற்றுவருக்கு மேற்பட்டோர், 2006 இலேதான் மன்னிக்கப்பட்டனர். சேரமான் தானே நாணினான். இவர்கள்மீதோ நாணம் பிறரால் ஏற்றப்பட்டது.

எனினும் முதற்கருத்து முற்றும் பிழையன்று. மண்டையோடு உடையாமலே மூளை குலுங்கித் தீங்குறலாம் என்பது இன்று தெளிவு. அதனால் வரும் தலைவலி, மறதி, உறக்கமின்மை, சினம் ஆகியன பேரச்சத்தின் பின்வரும் உளநோயின் குறிகளோடு பெரிதும் ஒத்தவை. ஒருவரிடத்தே இரண்டும் கூடியிருத்தலும் உண்டு.

1987 இல் இந்தியப் படையின் யாழ்ப்பாணத் தாக்குதல், 1991 இலும் 2000 இலும் ஆனையிறவுப் போர்கள், 1995 இல் இலங்கைப் படை யாழ்நகரைக் கைப்பற்றியமை எனக் குடாநாடு ஷெல்லடியை ஓயாது கண்டது. தெல்லிப்பழையிற் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தமிழில் எழுதிய நூலுக்கு ‘மனவடு’ எனப் பெயரிட்டார். வடு என்பது ஆறிய புண்ணின் தடம். ஆறாததற்கு அச்சொல் பொருந்துமா என வினவலாம். ஆயினும் புலனாகாப் புண்ணைப் பழைய புண்களின் வரிசையில் அது சேர்த்துவிட்டது. தம்மிடம் வருவோர் அச்சத்தைக் கூறாது உடல்நோவையே பெரிதும் கூறுவதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

மறுபக்கத்திலும் குடாநாட்டுப் பெயரே ஒட்டிக்கொண்டது. இலங்கைப் படைவீரரின் உளநோயை ஆராய்ந்த மருத்துவர் ருவன் ஜயதுங்க, தம் நூலின் தலைப்பில் ‘ஷெல் அதிர்ச்சி’யோடு ‘பலாலி நோய்க்குறி’ என்பதையும் இணைத்தார். தெற்கேயுள்ள சிங்களச் சிற்றூருக்கு மீண்ட வீரனின் உறக்கமின்மைக்கு நம் ஊரொன்றின் பெயர் வழங்குவது சிந்திக்கற்பாலது. 2009 இற் போர் முடிந்தபின் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்ட முன்னாட் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேர். அவர்களுட் பலர் போர்க்களத்தைப் பற்றி வாய்திறத்தலே இடராயிருந்த சூழலில் வீடு திரும்பினர். நோயைக் கூறின் களத்தையும் கூறவேண்டும்.

அரிசில்கிழார் பாடிய புறநானூற்றுச் செய்யுளொன்றில் (281) புண்பட்டோன் கிடக்கும் வீட்டிற் பெண்கள் வேப்பிலை செருகி, ஐயவி தூவி, மணியடித்து, காஞ்சி பாடி, நறும்புகையூட்டி அவனைக் காக்கின்றனர். ஒலியும் மணமும் உடனிருப்பும் அங்கே காவலாகின்றன. புண்பட்டவனின் பெயரும் கூறப்படவில்லை. வேந்தனுக்குற்ற துன்பத்தைத் தான் தாங்கியவன் என்பது மட்டுமே சொல்லப்படுகின்றது.