சிபிஎஸ், பழைய பென்ஷன், டாப்ஸ்: ஆசிரியர்களின் ஓய்வூதியப் பணம் எங்கே இருக்கிறது? எளிய விளக்கம்

பெண்ணாடம் அரசுப் பள்ளி ஒன்றில் இரண்டு ஆசிரியர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 2002-ல் வேலைக்குச் சேர்ந்தவர், இன்னொருவர் 2010-ல் சேர்ந்தவர். ஒரே பள்ளி, ஒரே பாடம்தான். ஆனால் 60 வயதில் ஓய்வு பெறும்போது இருவருக்கும் கிடைப்பது ஒன்றல்ல. என்ன காரணம்?

பிரிக்கும் தேதி எது?

2003 ஏப்ரல் 1. அதற்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம். அன்றும் அதற்குப் பிறகும் சேர்ந்தவர்களுக்கு சிபிஎஸ் எனப்படும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்.

பழைய திட்டத்தில் என்ன கிடைக்கும்?

பென்ஷனுக்காகச் சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. முழுப் பணிக்காலம் முடித்தவருக்குக் கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதியும், அதற்கான அகவிலைப்படியும் மாதாமாதம் வரும். இதற்கெனத் தனி நிதி இல்லை. அந்தந்த ஆண்டு பட்ஜெட்டில் இருந்தே அரசு கொடுக்கிறது. ஓய்வு பெறுவோர் கூடக் கூட செலவும் ஏறும்.

சிபிஎஸ்-ல்?

அடிப்படை ஊதியம், அகவிலைப்படி இரண்டும் சேர்த்து 80,000 ரூபாய் என்றால், 10% ஆக 8,000 ரூபாய் பிடிக்கப்படும். அரசும் 8,000 போடும். ஓய்வின்போது சேர்ந்த தொகை வட்டியோடு மொத்தமாகக் கைக்கு வரும். அவ்வளவுதான், மாத பென்ஷன் இல்லை. போராட்டங்களுக்கு மூல காரணமே இதுதான்.

மத்திய அரசு ஊழியர்களின் என்பிஎஸ் பணம் சந்தையில் முதலீடு ஆகிறது. தமிழ்நாடு அந்த அமைப்பில் சேரவில்லை. ஜிபிஎஃப்-க்கு இணையான வட்டியை அரசே தருகிறது. முதலீட்டில் அதைவிடக் குறைவாக வருமானம் வந்தால், வித்தியாசம் அரசு கஜானா தலையில்தான் விழும்.

புதிய டாப்ஸ் என்ன சொல்கிறது?

ககன்தீப் சிங் பேடி தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 2026 ஜனவரி 3-ல் தமிழ்நாடு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. முக்கிய அம்சங்கள்:

• கடைசி ஊதியத்தில் 50% மாத ஓய்வூதியம்
• ஊழியர் பங்கு 10% தொடரும், மீதியை அரசு ஏற்கும்
• ஓய்வூதியர் இறந்தால் குடும்பத்துக்கு 60%
• பணிக்கொடை அதிகபட்சம் 25 லட்சம் ரூபாய்

அரசு தாங்குமா?

தொடக்கத்தில் கூடுதலாக 13,000 கோடி, பிறகு ஆண்டுக்குச் சுமார் 11,000 கோடி ரூபாய் தேவை என்று அரசு சொன்னது. சம்பளம் உயர உயர இதுவும் உயரும். பழைய திட்டத்தோடு ஒப்பிட்டால் இதில் ஒரு நிதி இருக்கிறது, ஊழியர் பங்கும் இருக்கிறது. ஆனால் அரசின் பங்கு வருடா வருடம் தவறாமல் அந்த நிதிக்குப் போய்ச் சேர வேண்டும். விட்டுப்போனால், பாக்கி முழுவதும் பின்னால் வரும் பட்ஜெட்களின் சுமையாகிவிடும்.

ஆசிரியர்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சிபிஎஸ் கணக்கு அறிக்கையை எடுத்து, பிடித்தமும் அரசுப் பங்கும் மாதம் தவறாமல் ஏறியிருக்கிறதா என்று பாருங்க. விடுபட்ட மாதம் இருந்தால், சம்பளப் பட்டியல் போடும் அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்க. ஓய்வுக்குப் பிறகு அலைவதைவிட இது சுலபம்.